கம்பளிப் பரசுராமன்

சின்னப்பொண்ணுக்குப் பெயர் வைத்தவர்கள், அவளுக்கும் ஒருநாள் நாற்பத்திமூன்று வயதாகும் என்று யோசிக்கவில்லை. தேர்வாய் கண்டிகை சிப்காட் தொழிற்பேட்டையில், காருக்குத் தரைவிரிப்பு செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் பதினொரு வருஷமாக வேலை செய்கிறாள். பதினொரு வருஷமும் தற்காலிக ஊழியர். அவசரப்பட்டு யாரையும் நிரந்தரமாக்கிவிடக் கூடாது என்பதில் கம்பெனி நிதானமாக இருந்தது.

அவள் வேலை ஊசி. பஞ்சு மாதிரி உதிரியாக வரும் நாரை மெஷினுக்குள் விட்டால், ஆயிரக்கணக்கான ஊசி பதித்த பலகை ஒன்று மேலும் கீழுமாகக் குத்திக் குத்தி அதைக் கெட்டியான விரிப்பாக்கிவிடும். ஊசியின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். அவைதான் நாரைப் பிடித்து உள்ளே இழுத்து ஒன்றோடொன்று சிக்க வைக்கும். வெட்டு மழுங்கிப்போனால் பழைய ஊசியைப் பிடுங்கிவிட்டுப் புது ஊசி செருக வேண்டும். ஒரு பலகைக்கு ஐயாயிரம் ஊசி. சின்னப்பொண்ணும் இன்னும் ஐந்து பெண்களும் நாள் முழுக்க உட்கார்ந்து பிடுங்குவார்கள், செருகுவார்கள். விரலால் ஒருமுறை தடவினாலே ஊசி தேறுமா தேறாதா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இந்தத் திறமைக்கு கம்பெனியில் சம்பளப் பிரிவு எதுவும் இல்லை.

மகளிர் தினத்துக்கு வழக்கமாகக் கோலப் போட்டி வைப்பார்கள். தலைப்பு ‘பணியிடப் பாதுகாப்பு’. எல்லாரும் ஹெல்மெட்டைக் கோலமாகப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் வாங்கிக்கொண்டு போவார்கள். இந்த வருஷம் எச்.ஆர். அதிகாரி புதுசு. அவருக்குக் கோலம் பிடிக்கவில்லை, ‘வெல்னெஸ்’ பிடித்திருந்தது. சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் அம்மாவை வரவழைத்தார். கம்பளியை ஊசியால் குத்திப் பொம்மை செய்யும் கலை, அதற்குப் பெயர் நீடில் ஃபெல்டிங். ஏ.சி. ஹாலில் ஆபீஸ் பெண்களுக்கும் மேனேஜர்களின் மனைவிமார்களுக்கும் வகுப்பு. ஊசிப் பெண்களுக்கு லட்டு.

சின்னப்பொண்ணை மட்டும் ஹாலுக்குள் கூப்பிட்டார்கள். ஊசியை எண்ணிக் கொடுக்கவும் எண்ணித் திரும்ப வாங்கவும் ஆள் வேண்டுமே. அந்தக் கம்பெனியில் ஒரு ஆள் காணாமல் போனால் மறுநாள் விசாரிப்பார்கள். ஒரு ஊசி காணாமல் போனால் அந்த நிமிஷமே மெஷினை நிறுத்துவார்கள்.

“ஒவ்வொரு குத்துலயும் உங்க மன அழுத்தம் வெளிய போறத ஃபீல் பண்ணுங்க,” என்றார் பயிற்சியாளர், கண்ணை மூடிக்கொண்டு.

சின்னப்பொண்ணு யோசித்துப் பார்த்தாள். ரெண்டாம் நம்பர் மெஷின் நிமிஷத்துக்கு அறுநூறு தரம் குத்துகிறது. அது இந்நேரம் முக்தி அடைந்திருக்க வேண்டும். போன வாரம்தான் பெல்ட் அறுந்து மூன்று நாள் படுத்துக்கிடந்தது.

ஹாலில் ஊசிகள் வரிசையாக உடைந்தன. ப்ளான்ட் மேனேஜரின் மனைவி ஆந்தை செய்துகொண்டிருந்தார். அவர் ஆந்தை என்று சொன்னதால் மற்றவர்களும் ஆந்தை என்றார்கள். அவர் மட்டும் ஐந்து ஊசி உடைத்தார்.

ஆறாவது ஊசியைக் கொடுக்கும்போது சின்னப்பொண்ணுக்குப் பொறுக்கவில்லை. “நேரா குத்தி நேரா எடுங்க மேடம். உள்ள போனப்புறம் சாய்ச்சா ஒடஞ்சிடும்.”

“எக்ஸாக்ட்லி!” என்றார் பயிற்சியாளர், தானே சொன்னதைப் போல.

வகுப்பு முடிந்ததும் மேஜையில் மிஞ்சிய கம்பளித் துணுக்குகளையும் மூன்று ஊசியையும் அவர் சின்னப்பொண்ணு கையில் கொடுத்து, “நீங்களும் ட்ரை பண்ணுங்கம்மா” என்றார். கல்யாண வீட்டில் மிஞ்சிய சாம்பாரைக் கொடுக்கும் குரல்தான். ஆனாலும் கொடுத்தார். எச்.ஆர். அதிகாரி அதற்கு கேட் பாஸ் எழுதினார்: கழிவுக் கம்பளி அறுபது கிராம், ஊசி மூன்று, திருப்பித் தரத் தேவையில்லை. செக்யூரிட்டி எடை போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பினான்.

அவள் வீடு கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, கம்பெனி பஸ் அரை மணியில் கொண்டுவந்து விடும் ஊரில். புருஷன் பூவராகவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அன்று மாலை அவள் முதல் முகம் செய்தாள். பூவராகவன் டீ குடித்துக்கொண்டே பார்த்தான்.

“இன்னாமே இது, போண்டாவா?”

“மூஞ்சிய்யா.”

“யாரு மூஞ்சி?”

“யாரோட மூஞ்சியும் இல்ல. சும்மா ஒரு மூஞ்சி.”

“அப்ப சரி. யாரும் கேஸ் போட மாட்டாங்க.”

வாழ்க்கையில் எதையும் தன் கையால் செய்திராதவர்களுக்கே வரக்கூடிய தீர்ப்புச் சொல்லும் தெளிவு பூவராகவனிடம் இருந்தது. ரெண்டாவது முகத்தைக் கத்திரிக்காய் என்றான். மூன்றாவதை அவன் பார்க்கவே இல்லை. அதற்குள் தன் ஆட்டோவின் பின்சீட்டில் ஒரு சாண் நுரை காணாமல் போயிருப்பதைப் பார்த்துவிட்டான். குத்துவதற்கு அடியில் மெத்தென்று ஏதாவது வேண்டும், இல்லாவிட்டால் ஊசி தரையில் மோதி உடையும். சின்னப்பொண்ணு அதை விளக்கினாள். பாசஞ்சருக்கும் அதே பிரச்சனைதான் என்று அவன் விளக்கினான்.

பஸ்ஸில் அவளோடு வரும் ஜபீன்தான் போனில் வீடியோ தேடிக் கொடுத்தாள். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பெண், குவாலிட்டி பிரிவில் வேலை. வீடியோவில் வரும் வெள்ளைக்காரர்கள் பனி பெய்யும் ஜன்னலோரம் உட்கார்ந்து மெல்லிய சங்கீதத்தோடு குத்தினார்கள். சின்னப்பொண்ணு, எதிர் வீட்டில் போர்வெல் போடும் சத்தத்தோடு குத்தினாள். உள்ளே மலிவான நாரை உருட்டிக் கெட்டியாக்கிக்கொண்டு, அதன்மேல் கம்பளியைப் போர்த்த வேண்டும். கண்ணைச் செய்யக் கண்ணை வைக்கக் கூடாது, முதலில் குழியைக் குத்த வேண்டும். மூக்கைத் தனியாக உருட்டி ஒட்டக் குத்த வேண்டும். உதடுதான் பேஜாரு. ஒரு குத்து அதிகமானால் அழுவது சிரிப்பதாகிவிடும்.

நிறத்திலும் தகராறு. ஆன்லைனில் வாங்கிய பொட்டலத்தில் ‘தோல் நிறம்’ என்று போட்டிருந்தது. பிரித்தால் வேகவைத்த இறால் நிறம்.

“யாரு தோல்க்கா இது?” என்றாள் ஜபீன்.

“திருவள்ளூர் ஜில்லால இந்த நெறத்துல ஒருத்தரும் கெடையாது. வெயில்ல நின்ன கலெக்டர் வேணா இருப்பாரு.”

காப்பி நிறத்தையும் கறுப்பையும் வாங்கி, நாய்க்கு முடி சீவும் கம்பி பிரஷ் இரண்டை வைத்துச் சீவிச் சீவிக் கலந்து, ஒரு மாசத்தில் அவள் எட்டு விதத் தோல் செய்துவிட்டாள். ஆனால் முகங்கள் எல்லாம் ஒரே ஆளாக வந்தன. அதுவும் யாராக? கான்ட்ராக்ட் சூப்பர்வைசராக. பதினொரு வருஷம் தினமும் பார்த்த முகம், கையில் ஊறியிருந்தது. பன்னிரண்டு சூப்பர்வைசர்கள் வரிசையாக டி.வி. மேல் உட்கார்ந்து அவள் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தார்கள்.

பதின்மூன்றாவதில் திருந்தியது. கண்ணையும் மூக்கையும் பார்ப்பதை விட்டுவிட்டு, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் இடத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். மோவாய்க்கும் கீழுதட்டுக்கும் எத்தனை விரல், கன்னம் எந்த இடத்தில் தளர்ந்து இறங்குகிறது. எதிரில் தூங்கிக்கொண்டிருந்த பூவராகவனைப் பார்த்தே செய்தாள். தொங்கும் கண்பை, ஏறிப்போன முன்நெற்றி, காதோர நரை, எதையும் விடவில்லை.

அவன் எழுந்து அதை வெகுநேரம் பார்த்தான். போண்டா என்று சொல்லவில்லை. மறுநாள் சலூனுக்குப் போய்த் தலைக்கு மை போட்டுக்கொண்டு வந்தான்.

அந்த முகத்தை ஜபீன் ஒரு சின்ன வீடியோவாகப் போட்டாள். கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் ஏறியவர்கள் பூவராகவனைப் பார்த்து, “நீங்க அந்தக் கம்பளி ஆளுதானே?” என்று கேட்கத் தொடங்கினார்கள். தலைக்கு மை போட்டும் பயனில்லை.

வீடியோவைப் பார்த்தவர்களில் அன்புராஜின் மனைவியும் ஒருத்தி. அன்புராஜ், செத்துப்போன பரசுராமனின் மூத்த மகன். பரசுராமனைச் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. பதினான்கு ஏக்கர் நெல் நிலம் வைத்திருந்தவர். பிற்காலத்தில் அது பரசுராமன் நகர் முதல் ஃபேஸ், ரெண்டாம் ஃபேஸ், மூன்றாம் ஃபேஸ் என்று மனைகளாகியது. சின்னப்பொண்ணு பதினைந்து வயதிலிருந்து அந்த நிலத்தில் நடவு நட்டவள். நிலம் போனதால்தான் ஊசிக்கு வந்தாள்.

அன்புராஜ் திருநின்றவூரில் மனை வியாபாரம் செய்கிறார். ‘ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்’ என்று அவர் நோட்டீஸில் இருக்கும். எந்த ஸ்டேஷன், எந்த வாகனத்தில் என்பது வாங்கிய பிறகுதான் தெரியவரும். தம்பி சரவணகுமார் திருவள்ளூர் கோர்ட்டில் வக்கீல். அண்ணனும் தம்பியும் கடைசி ஒரு ஏக்கர் விஷயமாகப் பேசிக்கொள்வதில்லை. அம்மா லட்சுமியம்மாள் மூலமாகத்தான் பேசுவார்கள். அம்மா ஊரிலேயே பழைய வீட்டில் இருந்தார். அந்த வேலைக்கு அவர் அங்கே இருப்பதே வசதி.

சின்னப்பொண்ணு தெருவுக்குள் கார் நுழையாததால் அன்புராஜ் நடந்து வந்தார்.

“நைனாக்கு வருஷத் திதி வருது சின்னப்பொண்ணு. ஒரு செலை வெக்கலாம்னு. கல்லுல கேட்டோம், ஆறு மாசம் ஆவும்ங்கறான். அப்புறம் கல்லு வெயிட்டு. நகத்த முடியாது.”

“எதுக்குண்ணா நகத்தணும்?”

“மாசத்துல பதினஞ்சு நாளு என் ஊட்ல, பதினஞ்சு நாளு தம்பி ஊட்ல. அம்மா சொல்லி அப்டி முடிவாயிருக்குது.”

உயிரோடு இருந்தபோது அவரை வைத்துக்கொள்ள இவ்வளவு போட்டி இருந்ததாகச் சின்னப்பொண்ணுக்கு நினைவில்லை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“ஒரே கண்டிசன். நைனா சிரிச்ச மொகமா இருக்கணும்.”

“சிரிச்ச போட்டோ ஒண்ணு குடுங்க.”

மூன்று ஆல்பம் வந்தது. கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாவற்றிலும் பரசுராமன், பந்தக்கால் சரியாக நடவில்லை என்று இப்போதுதான் கண்டுபிடித்தவர்போல நின்றார். சிரித்த படம் ஒன்றே ஒன்று இருந்தது. பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில், மூன்றாம் ஃபேஸ் கையெழுத்தான அன்று எடுத்தது. அதிலும் பல் தெரியவில்லை.

சின்னப்பொண்ணுக்குப் படமே தேவைப்படவில்லை. நடவு நடும்போது குனிந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கினால் வரப்பில் குடையோடு அந்த முகம்தான் நிற்கும். சாப்பாட்டுக்கு விடுவாரா, இன்னும் ஒரு பாத்தி போகச் சொல்வாரா என்று அந்த முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கத்துவதற்கு முன்னால் வலது மூக்குத் துவாரம் லேசாக விரியும். வாக்குக் கொடுக்கும்போது இடது இமை இறங்கும். அப்படி இறங்கினால் அந்த வாக்கை நம்ப வேண்டாம் என்று நடவுக்காரிகள் எல்லாருக்கும் தெரியும். பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியுமா என்பது சந்தேகம். அவர்களுக்கு அதைப் பார்த்துப் பிழைக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மூன்று வாரம், ஷிப்ட் முடிந்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் குத்தினாள். கோபம் வந்தது என்று சொல்ல முடியாது. கவனம்தான் வந்தது. தாடையைக் கெட்டியாக்கக் குத்தும்போது கை கொஞ்சம் வேகமாகப் போயிற்று, அவ்வளவுதான். நரைப் புருவத்தை ஒவ்வொரு இழையாக நட்டாள். முடித்துக் கூடத்து ஸ்டூலில் வைத்தாள்.

பூவராகவன் வெளியிலிருந்து வந்து செருப்பை உதறிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தான். நிமிர்ந்தான். பார்த்தான். உடனே எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.



“இன்னாயா?” என்றாள் அவள்.

“ஒண்ணுமில்ல. இடுப்பு புடிச்சிக்கிச்சி.” துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், “அத்த மொதல்ல எதையாவது போட்டு மூடுமே. சோறு எறங்காது” என்றான்.

அன்புராஜ் வந்து பார்த்தபோது பேண்ட் பாக்கெட்டில் இருந்த கைகள் தாமாக வெளியே வந்தன. பிறகு, தான் ஐம்பதைத் தொடப்போகிறவர், சொந்தமாகக் கார் வைத்திருப்பவர் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவு வந்தது போலிருந்தது.

“நல்லாத்தான் கீது. ஆனா நைனா கொஞ்சம் சாஃப்டான ஆளு, இல்ல?”

“அப்டிங்களா,” என்றாள் சின்னப்பொண்ணு.

“கண்ல ஒரு கருணை வேணும். கலரு ரெண்டு ஷேடு ஏத்து. அப்புறம் மூக்கு.” தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். “எல்லாரும் என் மூக்கு நைனா மூக்குதான்னு சொல்வாங்க.”

யாரும் சொன்னதில்லை. அவருடையது அம்மாவின் மூக்கு. சின்னப்பொண்ணு அந்தத் தலையைத் தொடவில்லை. அதைத் துண்டால் மூடிப் பீரோ மேல் வைத்துவிட்டு, இன்னொன்றைப் புதிதாக ஆரம்பித்தாள்.

ரெண்டாவது தலை ஒரு கூட்டு முயற்சி. அன்புராஜ் நேரில் வந்து திருத்துவார். சரவணகுமார் கோர்ட்டில் வாய்தா வாங்கிய இடைவெளிகளில் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். “ஒண்ணு, மூக்கு என் அண்ணன் மூக்கு மாதிரி இருக்குது, அத நான் ஆட்சேபிக்கறேன். ரெண்டு, மேற்படி மூக்கு என்னோட மூக்கு மாதிரி இருக்கணும். மூணு, மீசை அடர்த்தி போதல.” அதைக் கேட்டு மூக்கை மாற்றினால் மறுநாள் அண்ணன் வந்து நிற்பார்.

கம்பளியில் ஒரு சங்கடம் உண்டு. மேலே சேர்த்துக்கொண்டே போகலாம், குத்தியதை எடுக்க முடியாது. மூக்கைப் பெரிதாக்கினால் கன்னம் ஒடுங்கித் தெரியும். கன்னத்தைச் சேர்த்தால் நெற்றி பத்தாது. கருணைக்காகக் கண்ணுக்குக் கீழே சேர்த்த கம்பளியால் பரசுராமனுக்கு அம்மை போட்டது போலாயிற்று, அதை மறைக்க இன்னொரு அடுக்கு. ஆறு வாரத்தில் தலை, திருவள்ளூர் சந்தையில் விற்கும் பெரிய பூசணிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. வெளுத்து, உப்பி, எல்லாரையும் மன்னித்துவிட்டது போலப் புன்னகைத்தது. நகைக்கடைக் காலண்டரில் வரவேண்டிய ஆள்.

“இப்பதான்யா நைனா!” என்றார் அன்புராஜ். “ஆட்சேபணை இல்ல,” என்று சரவணகுமாரின் குரல் வந்தது. அப்பா செத்த பிறகு அண்ணனும் தம்பியும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

திதி பழைய வீட்டில் நடந்தது. தலைக்குப் பட்டுச் சட்டை தைத்து, நாற்காலியில் நிறுத்தி, ரோஜா மாலை போட்டிருந்தார்கள். ஈரம் பட்டால் கம்பளி சுருங்கும் என்று சின்னப்பொண்ணு சொன்னதால் மாலைக்கும் சட்டைக்கும் நடுவில் ஒரு பாலித்தீன் கவர். வந்தவர்கள் எல்லாரும் ஒரு கணம் நின்று, பக்கத்திலிருந்த பெயர்ப் பலகையைப் படித்து, அதன் பிறகு கலங்கினார்கள்.

“அப்படியே உயிரோட உக்காந்துக்கினு கீறாரு!”

“அந்தச் சிரிப்பு. அந்தச் சிரிப்ப எங்க பாக்கப்போறோம்.”

இதற்கு முன்னால் எங்கே பார்த்தார் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

லட்சுமியம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்து தலைக்கு எதிரில் நிறுத்தினார்கள். எழுபத்திரண்டு வயது, மெலிந்த உடம்பு, நேரான முதுகு. விழுந்து கும்பிடச் சொன்னார்கள், கும்பிட்டார். அழவில்லை. துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று உறவுக்காரர்கள் தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள்.

பந்தி நடக்கும்போது அவர் பின்கட்டுக்கு வந்தார். சின்னப்பொண்ணு அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். சிலை செய்தவள் என்று முன்னால் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், ஆனால் கால் பழக்கத்தில் பின்பக்கம் வந்துவிட்டது.

“நீயா செஞ்ச அத?”

“ஆமாம்மா.”

“நீ அவர பாத்திருக்கியே. நல்லாவே பாத்திருக்கியே. அப்புறம் ஏன் அப்டி செஞ்ச?”

“அண்ணனும் வக்கீல் சாரும் சொன்னாங்க.”

“அவனுங்க எப்ப அவர பாத்தானுங்க? ஒருத்தன் ஆஸ்டல்ல இருந்தான். இன்னொருத்தன் அவரு வந்தா மாடிக்கு ஓடிடுவான்.”

சின்னப்பொண்ணு இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “இன்னொண்ணு கீதும்மா. ஊட்ல.”

ரெண்டு நாள் கழித்து லட்சுமியம்மாள், பூவராகவனின் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தத் தெருவுக்குள் வந்ததே இல்லை. பூவராகவன் பதற்றத்தில் ரெண்டு தரம் ஹாரன் அடித்தான். சின்னப்பொண்ணு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பீரோ மேலிருந்து தலையை இறக்கி ஸ்டூலில் வைத்துத் துண்டை எடுத்தாள்.

லட்சுமியம்மாள் சட்டென்று முந்தானையை இழுத்துத் தோளை மூடினார். முதுகு இன்னும் நேராயிற்று. ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராவது போல உதடு பிரிந்தது. பிறகுதான், எதிரில் இருப்பது முக்கால் கிலோ கம்பளி என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கு வழியாக, அப்புறம் வாய் விட்டு. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“அம்பத்திரண்டு வருசம் சின்னப்பொண்ணு. நான் இந்த மூஞ்சிய இப்டி நேரா பாத்ததே இல்ல. பாத்தா, ‘இன்னா மொறைக்கற?’ம்பாரு. சோறு போடும்போது காது தெரியும். படுத்தா முதுகு தெரியும். அவ்ளோதான்.”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்து பார்த்தார். அவசரமில்லாமல் பார்த்தார். வலது மூக்குத் துவாரத்தின்மேல் ஒரு விரலை வைத்தார்.

“இது விரிஞ்சா தட்டு பறக்கும். உனக்கு எப்டித் தெரியும்?”

“எங்களுக்கு நாத்துக்கட்டு பறக்கும்மா.”

ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் நின்றிருந்த பூவராகவனுக்கு அங்கே நிற்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. டீ வாங்கிவரப் போனான்.

“எடுத்துக்கினு போறீங்களாம்மா? உங்களுக்குத்தான்.”

“எனக்கு இன்னாத்துக்கு? இப்பதான் ஒரு வருசமா கூடத்துல கால நீட்டி உக்காந்துகினு கீறேன். மூடி வை.” துண்டைத் தானே எடுத்துப் போர்த்தினார். பிறகு, வந்த விஷயத்தைச் சொன்னார். “எனக்கு ஒண்ணு செஞ்சி குடு. என் மூஞ்சி.”

“உங்களுக்கா?”

“நான் போனப்புறம் இவனுங்க ரெண்டு பேரும் வாட்ஸ்அப்ல உக்காந்து என் மூக்க முடிவு பண்ண வேணாம். இருக்கும்போதே முடிச்சிடு. எவனுக்கும் ஒரு வார்த்த சேக்கவோ கொறைக்கவோ எடம் வெக்காத.”

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் லட்சுமியம்மாள் வந்து உட்கார ஆரம்பித்தார். சின்னப்பொண்ணுக்கு முதல் வாரம் கை ஓடவில்லை. அந்த வீட்டில் எத்தனையோ நாள் பின்கட்டில் சாப்பிட்டிருக்கிறாள், இந்த அம்மாதான் சமையலறை ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று குழம்பை நீட்டுவார். கம்பி இல்லாமல் முழு முகத்தையும் பார்த்ததில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. குழம்பை நீட்டிய கையைத்தான் தெரியும். அந்தக் கை தன் இலையில் படாமல் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதும் தெரியும். அதை அவள் சொல்லவில்லை. கண்ணுக்குக் கீழே இருக்கும் சுருக்கங்களை எண்ணினாள்.

“இன்னா அப்டி பாக்கற?”

“பாக்காம எப்டிம்மா செய்யறது?”

“பாரு பாரு. யாரு பாத்தாங்க.” கொஞ்ச நேரம் கழித்து லட்சுமியம்மாளே சொன்னார்: “உனக்கெல்லாம் குழம்பு நான் தூரத்துல இருந்துதான் ஊத்துவேன், இல்ல?”

“ஆமாம்மா.”

“சூடா இருக்கும். மேல தெளிச்சிருக்கும்.”

“தெளிச்சிருக்குது.”

லட்சுமியம்மாள் தலையாட்டினார். மன்னிப்பு என்ற சொல் எதுவும் அந்த வீட்டில் உச்சரிக்கப்படவில்லை. ஆனால் அன்று பூவராகவன் கொண்டுவந்து வைத்த டீயை, அவர்கள் வீட்டு டம்ளரிலேயே, கடைசி மடக்கு வரை குடித்தார். சின்னப்பொண்ணு அதைப் பார்த்தாள். அது போதும் என்று தோன்றியதா, போதாது என்று தோன்றியதா என்பது அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. ஊசியை எடுத்துக் கன்னத்தைத் தொடர்ந்தாள்.

செய்தி எப்படியோ திருநின்றவூர் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்புராஜ் போன் செய்தார். சின்னப்பொண்ணுக்குக் கை ஒழியாததால் ஸ்பீக்கரில் போட்டு நுரைமேல் வைத்தாள்.

“அம்மாக்கு ஒண்ணு செய்யறியாமே. சொல்லவே இல்ல. பாரு, அம்மா ஒரு நாப்பது வயசுல இருந்த மாதிரி செஞ்சிடு. பல்லு ஒண்ணு போயிருக்கே, அத வெச்சிடு. கலரு…”

“அம்மா உயிரோடதானே கீறாங்க அண்ணா. அவங்களயே கேளுங்களேன். இங்கதான் உக்காந்துக்கினு கீறாங்க.”

“கேளுடா,” என்றார் லட்சுமியம்மாள்.

அந்தப் பக்கத்திலிருந்து, “அலோ? அலோ? டவர் இல்ல சின்னப்பொண்ணு, அப்புறம் பண்றேன்” என்று லைன் போய்விட்டது. ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடத்தில் இருக்கும் இடங்களில் டவர் அப்படித்தான்.

ஆறாவது வாரம் முகம் ஏறக்குறைய முடிந்தது. இல்லாத பல் இல்லாமலேயே இருந்தது. மூக்கு மூக்காக இருந்தது. லட்சுமியம்மாள் அதைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“இவ்ளோ கெழவியாவா ஆயிட்டேன்?”

“கொஞ்சம் கொறைக்கட்டுமா?”

“கைய வெச்சா ஒதைப்பேன்.” பக்கவாட்டில் பார்த்தார். “காது எங்க?”

“இன்னிக்குத்தான் செய்யணும்.”

“குடு. நான் செய்யறேன்.”

சின்னப்பொண்ணு ஒரு பிடி கம்பளியையும் ஊசியையும் கொடுத்து, நேராகக் குத்தி நேராக எடுக்கச் சொன்னாள். மூன்றாவது குத்திலேயே லட்சுமியம்மாள் தன் விரலைக் குத்திக்கொண்டார். அதற்கு அவர் சொன்ன சொல், பரசுராமன் மனைவிக்குத் தெரிந்திருக்கும் என்று யாரும் நினைக்காத சொல். வாசலில் ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்த பூவராகவன் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டான். விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே அவர் மறுபடி குத்தினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. வந்தது காது என்று அவர் சொன்னார். ஓரம் கோணி, நடுவில் ஓட்டையோடு, மெது வடை கொஞ்சம் கருகினது போல இருந்தது.

“நான் சரி பண்ணித் தரட்டுமாம்மா?”

“வேணாம். அப்டியே வெச்சித் தை, இல்ல குத்து, இன்னா பண்ணுவியோ பண்ணு. எவனாவது கேட்டா அது என் காதுன்னு நானே சொல்லிக்கறேன்.”

சின்னப்பொண்ணு அதைத் தலையின் இடதுபக்கம் பொருத்தி, சுற்றிலும் குத்தி இறுக்கினாள். லட்சுமியம்மாள் இன்னொரு பிடி கம்பளியை எடுத்து உள்ளங்கையில் உருட்டத் தொடங்கியிருந்தார்.